திட்டக் குழுவுக்கு ஆள் சேர்த்த கதை

எங்கள் சித்தப்பா பி.ஏ. பெயில். இதை நான் சொல்லவில்லை. அவரே தன் கடிதத் தாளில் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்து வைத்திருந்தார். போடிநாயக்கனூரில் அந்தக் காலத்தில் பி.ஏ. எழுதப் போனவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதால் பெயிலும் ஒரு பட்டம்தான். ஊரார் அவரை 'பி.ஏ.' என்றே கூப்பிட்டார்கள். மரியாதைக்காகப் பெயிலை விட்டுவிட்டார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. போடிக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று சித்தப்பாவுக்குத் தோன்றிவிட்டது. தான் தேறாமல் போனதற்குக் காரணமே கல்லூரி தொலைவில் இருந்ததுதான் என்பது அவர் கட்சி. பக்கத்தில் இருந்திருந்தால் தேறியிருப்பாராம். பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டார். அவர்களும் பதில் போட்டார்கள். கல்லூரி கேட்கிற ஊர் முதலில் அதன் எதிர்காலத்தைத் திட்டமிட வேண்டும்; அதற்காக ஊர் மக்கள் தாமாகவே முன்வந்து ஐந்து குழுக்களாகச் சேர வேண்டும்; கட்டடத்துக்கு ஒன்று, நிதிக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று, வருங்காலத்துக்கு ஒன்று; அந்த வாலண்டியர்களை நேரில் பார்த்துப் பேச இரண்டு பேர் வருவார்கள் என்று இருந்தது. ஒரு செங்கல் கிடையாது, ஒரு வாத்தியார் கிடையாது, ஒரு மாணவன் கிடையாது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பெயர் வைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் அதன் பேரனுக்குப் பெண் பார்க்கச் சொன்னார்கள்.

எனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். அந்த வருடம்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். மேலே படிக்க வேண்டும் என்று ஒரே வெறி. ஆசை என்று எழுதினால் பொய்யாகிவிடும், வெறிதான். மதுரையில் பெண்கள் கல்லூரி இருந்தது. ஆனால் அய்யா, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"மதுரைக்கெல்லாம் அனுப்ப முடியாது. ஊர்ல காலேசு வந்தா படி. இல்லாட்டி தை மாசம் ராசிங்காபுரம்."

ராசிங்காபுரம் என்றால் அத்தை வீடு. அத்தை மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். நல்ல மனிதர்தான், குற்றம் சொல்ல முடியாது. நிலக்கடலையைப் பற்றிக் கேட்டால் அரை நாள் பேசுவார். வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் நிலக்கடலையைப் பற்றித்தான் பேசுவார்.

ஆகவே சித்தப்பாவின் கல்லூரிதான் எனக்கு இருந்த ஒரே வழி. "நீ கவலப்படாத ஆத்தா, மொத சீட்டு ஒனக்குத்தான்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நான் நம்பினேன். அதனால் அவர் சொன்ன சோலியெல்லாம் செய்தேன். கடிதம் எழுதினேன், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டேன், அவர் பேச வேண்டிய பேச்சை எழுதிக் கொடுத்து, அவர் அதை ஒப்பிக்கும்போது தப்பும் திருத்தினேன்.

ஆள் சேர்க்கும் படலம் 'வாலண்டியர்' என்ற சொல்லிலேயே இடித்தது. எங்கள் ஊரில் வாலண்டியர் என்றால் திருவிழாவிலும் மாநாட்டிலும் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு, பந்தலில் தண்ணீர் ஊற்றி, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துகிறவன். சித்தப்பா அதைத் தமிழில் 'தொண்டர்' ஆக்கினார். நிலைமை இன்னும் மோசமாயிற்று. அவர் முதலில் போய் நின்றது ஊரின் பெரிய ஏலக்காய்க் கிட்டங்கிக்காரரிடம். மலைச் சரிவிலிருந்து இறங்குகிற ஏலக்காயில் பாதி அவர் கிட்டங்கியில்தான் வந்து அடங்கும்.

"தொண்டரா? நானா?" என்றார் அவர். "ரிப்பன் குத்திக்கிட்டு பந்தல்ல தண்ணி ஊத்தவா? ஏன் பி.ஏ., ஒமக்கு என்னயப் பாத்தா எப்பிடித் தெரியுது?"

"இல்லண்ணே, இது திட்டம் போடுற தொண்டரு."

"தலைவர்னு போடும், வர்றேன்."

போட்டார். கட்டடக் குழுத் தலைவர். கிட்டங்கிக்காரர் தலைவர் என்று காதில் விழுந்த மாத்திரத்தில் அரிசி மில்காரர் தானே தேடி வந்தார். அவரை நிதிக் குழுவுக்குத் தலைவராக்கினார் சித்தப்பா. நிதிக் குழுத் தலைவர்தான் முதல் நன்கொடை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மில்காரர் பாடக் குழுவுக்கு மாறிக்கொண்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். நிதிக்கும் மாணவருக்கும் எப்படியோ இரண்டு பேரை வளைத்தார்கள். வருங்காலக் குழுவுக்கு ஊரிலேயே வயதான ஒரு பண்ணையாரைப் பிடித்தார்கள். அவருக்குக் காது கேட்காது, பாதிப் பேச்சில் தூங்கிவிடுவார். வருங்காலம் என்ற ஒன்று அவருக்கு இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் சொத்து இருந்தது.

தலைவர்களைப் பார்த்துத் துணைத் தலைவர்கள் முளைத்தார்கள். அவர்களுக்குக் கோபம் வராமலிருக்கப் புரவலர்கள், புரவலர்களின் மச்சான்மார்களுக்காக ஆலோசகர்கள். தலைக்குத் தலை பெரியதனம். ஐந்து குழுவும் நிரம்பி வழிந்தது, தொண்டர் என்று ஒரு ஆள் இல்லை. வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று சொன்னதோ அந்தத் தொண்டரைத்தான்.

"கிராமத்துல கூப்புட்டா வருவாங்க" என்றார் சித்தப்பா. அவருக்குக் கிராமத்தார் என்றால் கூப்பிட்டால் வருகிறவர்கள். சிலமலை, ராசிங்காபுரம், மேலே குரங்கணி வரைக்கும், பல்கலைக்கழகத்தார் வருகிற வெள்ளிக்கிழமை கிட்டங்கியில் கூட வேண்டும் என்று தமுக்கு அடித்து அறிவிப்பது என முடிவாயிற்று. பஸ் நிற்கிற இடத்தில் வைக்க ஒரு பலகை எழுதச் சொன்னார். நீலப் பெயிண்டில் குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தேன்: 'கல்லூரித் திட்டக் குழுக்களுக்குத் தொண்டர்கள் தேவை.'

இங்கேதான் விபரீதம். திட்டம் என்ற சொல் அப்போதுதான் டெல்லியிலிருந்து இறங்கி மேடைகளில் உலாவிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் 'திட்டமா' என்றால் அளவாக என்று அர்த்தம். சாம்பாரில் உப்பு திட்டமா இருக்கா என்று கேட்பார்கள். அதை விட்டால் மக்களுக்குத் தெரிந்தது திட்டுவது ஒன்றுதான். திட்டக் குழு என்றால் திட்டுவதற்கு ஒரு குழு. இதில் என்ன சந்தேகம்? தமுக்கு அடிக்கப் போனவர் பலகையை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, அதை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டார். சிலமலைச் சந்தியில் அவர் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் எனக்குப் பிறகு சொன்னார்கள்.

"இதனால சகலமான சனங்களுக்கும் அறிவிக்கிறது என்னன்னா, போடியில காலேசைத் திட்டுறதுக்கு ஆளு சேக்குறாக! வாயுள்ளவுக வெள்ளிக்கெழம காலையில ஏலக்காக் கிட்டங்கிக்கு வந்து சேரணும்! கூலி கெடையாது, சும்மாதான் திட்டணும்!"

வெள்ளிக்கிழமை கிட்டங்கி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டுச்சோற்றோடு வந்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக, எல்லோரும் முகத்தில் ஒரு தயார் நிலையோடு. கூலி இல்லையென்றும் இவ்வளவு பேரா என்று வியந்துபோய், "கல்வித் தாகம், பாத்தியா ஆத்தா!" என்றார் என்னிடம். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பல்கலைக்கழகத்தார் இருவர். ஒருவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். அவர்களுக்கும் தலைவர்களுக்கும் நாற்காலி. வந்தவர்களுக்குச் சாக்கு விரித்துத் தரை. நான் ஏல மூட்டைகளுக்குப் பின்னால், காம்பு கிள்ளுகிற பெண்களோடு உட்கார வேண்டும், காப்பி கேட்டால் மட்டும் வெளியே வரவேண்டும் என்று ஏற்பாடு. அங்கிருந்து எல்லாம் கேட்கும். மூட்டை இடுக்கு வழியாகக் கொஞ்சம் தெரியவும் செய்யும்.

தலைவர்கள் திட்டம் போட்டார்கள். கட்டடக் குழு, முதலில் வாசல் வளைவைக் கட்டிவிடுவது, அதில் கல்வெட்டு வைப்பது, கல்வெட்டில் யார் பெயர் மேலே வருவது என்பது வரை வந்து அங்கேயே நின்றது. கட்டடம் பற்றிப் பேச நேரமில்லை. பாடக் குழுவின் மில்காரர், விவசாயப் பாடம் வேண்டாம் என்றார். "அதுக்குக் காட்டுக்குப் போனாப் போதாதா?" வணிகப் பாடமும் வேண்டாமாம், எல்லோரும் கணக்குப் படித்துவிட்டால் தொழில் செய்வது கஷ்டமாம். அதை மட்டும் அவர் உண்மையாகவே சொன்னார். வருங்காலக் குழுத் தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். தலையாட்டுகிறவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பேசுகிறவர் பிறகு சாக்கில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். முன் வரிசையில் குரங்கணியிலிருந்து வந்த ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மலைத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் பெண்களைக் கூட்டிப் போகிறவள். எல்லைக்கு அந்தப் பக்கத் தோட்டங்களிலும் வேலை பார்த்ததால் பேச்சில் மலையாளம் ஒட்டியிருக்கும். அவள் வாய்க்குத் தோட்டத்துரைமாரே ஒதுங்குவார்கள் என்று காம்பு கிள்ளுகிறவர்கள் என்னிடம் கிசுகிசுத்தார்கள்.

"நீங்கள் எந்தக் குழு, அம்மா?" என்றார் பேசுகிறவர்.

"திட்டுற குழு, சாரே" என்றாள் அவள். "நாங்க அம்புட்டுப் பேரும் அதான். யாரத் திட்டணும்?"

சித்தப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"காலேசைத் திட்டணும்னு சொன்னாக. எங்கன இருக்குன்னு தேடிப் பாத்தோம், காணோம். அது வந்து என்ன கெடுதல் பண்ணுச்சு? காரணம் சொல்லாம திட்டச் சொன்னா எப்பிடி? நான் அந்த மாதிரி திட்டுறவ இல்ல."

கூட்டம் ஆமாம் என்றது. சிலமலைக்காரர் ஒருவர், காலேஜைத் திட்டி முடித்தபிறகு தாலுகா ஆபீசையும் திட்ட அனுமதி உண்டா என்று எழுந்து கேட்டார். பேசுகிறவர் விவரம் புரிந்ததும் சிரிக்காமல், "விமரிசனம்! பொதுமக்களின் விமரிசனம்!" என்று மகிழ்ந்துபோய் ஏதோ எழுதிக்கொண்டார். படித்த மனிதருக்குக் கழுதை கத்தினாலும் அதற்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிடும்.

அந்த உற்சாகத்தில் அவர் தலைவர்கள் பக்கம் திரும்பி, "பெண்களும் வந்திருக்கிறார்களே. மாணவர் குழு என்ன நினைக்கிறது? கல்லூரியில் பெண்களுக்கும் இடம் உண்டுதானே?" என்று கேட்டார்.

காலையிலிருந்து எதிலுமே ஒத்துப்போகாத ஐந்து தலைவர்களும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக்கொண்டு சொன்னார். காது கேட்காதவருக்கு அது மட்டும் எப்படிக் கேட்டதோ.

"நல்ல குடும்பத்துப் பிள்ளைக வராது. ஒழுக்கம் ஒண்ணு இருக்குல்ல" என்றார் கிட்டங்கிக்காரர். "என்ன பி.ஏ., நீரே சொல்லும்."

நான் இடுக்கு வழியாகச் சித்தப்பாவைப் பார்த்தேன். மொத சீட்டு. அவர் மேல் துண்டைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார். "பெரியவுக சொல்றதுதான் சரி. பெண்களுக்குப் பெறகு பாத்துக்கலாம்" என்றார்.

பிறகு என்றால் எனக்குத் தை மாதம். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் எழுந்து மூட்டைகளைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். காப்பி கொண்டுவருகிறேன் என்று நினைத்து மில்காரர் கையை நீட்டினார்.

என் முகத்தைப் பார்த்துக் குரங்கணிக்காரி, "எந்தா மோளே, என்ன மகளே?" என்றாள். "படிக்கிற பிள்ளையா நீ? அப்ப நட்டம் ஒனக்குத்தான். நட்டப்பட்டவதான் மொதல்ல ஆரம்பிக்கணும். நாங்க பின்னாலயே வர்றோம்." அவர்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கமாம். பாதிக்கப்பட்டவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், இல்லாவிட்டால் அது வெறும் வம்பு.

நான் தொடங்கினேன். அதற்கு முன் நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்று சொன்னால் என்னை இப்போது அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

"சித்தப்பா, பலகை எழுத என் கை வேணும். ஊருக்கெல்லாம் காப்பி போட என் கை வேணும். நீங்க பேசுற பேச்சுல பாதி நான் எழுதுனது. படிக்க மட்டும் வேணாமா? பெயிலானத அச்சடிச்சு வச்சுக்கிட ஒங்களுக்கு வெக்கமில்ல. நான் பாசானதுதான் ஒங்களுக்கு வெக்கமா?"

"இன்னுங் கேளு!" என்றாள் குரங்கணிக்காரி.

"கிட்டங்கிப் பெரியப்பா, இத்தன பொம்பளைக ஒங்க கிட்டங்கில விடிஞ்சா வந்து ஒக்காந்து இருட்டுற வரைக்கும் காம்பு கிள்ளுறாக. அப்பக் கெடாத ஒழுக்கம் பெஞ்சில ஒக்காந்தாத்தான் கெடுமா? நாற்காலி கண்ட தேதியிலருந்து ஒங்களுக்கு மட்டும் ஒழுக்கம் ஊறுதோ?"

இந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவ்வளவுதான். மூட்டைக்குப் பின்னால் இருந்த பெண்கள் கையில் காயோடு எழுந்து வந்தார்கள். குரங்கணிக்காரி சேலையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். "தலைவராம் தலைவரு! உள்ள என்ன இருக்கு, மில்லுல அள்ளுன உமியா?" என்று அவள் எடுக்க, சிலமலையும் ராசிங்காபுரமும் சேர்ந்துகொண்டன. கல்லூரிக்குப் பிறகு தாலுகா ஆபீஸ், வாய்க்கால் தண்ணீர், பஸ் வராதது எல்லாம் முறையாகத் திட்டப்பட்டன. ஒருவர்கூட வரிசை தவறவில்லை. ஐந்து குழுக்களால் ஆகாத காரியத்தை அவர்கள் ஒரே காலையில் செய்து காட்டினார்கள்: தீர்மானித்து, ஒன்று சேர்ந்து, முடித்தார்கள். கடைசியில் அவள் கையை உயர்த்தி "மதி, மதி" என்றாள். போதும் என்று அர்த்தம். எல்லோரும் நிறுத்தி, கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள்.

பல்கலைக்கழகத்தார் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. ஊரில் ஒற்றுமை இல்லை, கல்லூரிக்குக் காலம் கனியவில்லை என்று பிறகு கடிதம் வந்தது. ஒரு பொட்டப்பிள்ளை திட்டி காலேஜையே துரத்திவிட்டது என்று ஊர் என்னைத் திட்டியது. பள்ளிக்கூடத்துப் பையன்கள்கூட என்னைப் பார்த்தால் ஒதுங்கி நடந்தார்கள். வராத கல்லூரி எனக்குக் கதவைச் சாத்திய கல்லூரி என்று தெரியும், இருந்தாலும் தை மாதம் அப்படியே இருந்ததே.

கடிதம் வந்த மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். பை இல்லை, பலகாரம் இல்லை. நின்றபடியே பேசினாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காத. எங்க வீட்டுல ஏற்கெனவே நான் ஒருத்தி இருக்கேன். ரெண்டு வாயி அந்த வீடு தாங்காது."

தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அய்யா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"இனி இந்த ஜில்லாவுல எவன் ஒன்னக் கட்டுவான்? போ, மதுரைக்குப் போயிப் படி. வாத்திச்சியாப் போனா அந்த வாய்க்கு ஒரு வேலயாவது இருக்கும்."

தண்டனையாகத்தான் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். மனம் மாறிவிடுவதற்குள் வெரசாகப் பெட்டியைக் கட்டினேன்.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் தேறினார்கள். இருவருக்கும் என்னைவிட மார்க்கு அதிகம். ஒருத்தி ஆசிரியர் பிசகாகப் போட்ட கணக்கைக்கூடத் தன் நோட்டில் சத்தமில்லாமல் சரியாகப் போட்டுவைப்பாள். அந்த வெள்ளிக்கிழமை இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள். யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை என்று ஊரில் அவர்களுக்கு நல்ல பெயர். தை மாதம் முதல் முகூர்த்தத்திலேயே இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அழைப்பிதழ் மதுரையில் என் விடுதிக்கு வந்தது.